சொல்வதை எழுதுபவர்

"டீச்சர், நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள என்னத்த எழுதுறீங்க?" என்று கேட்கிறாள் பொன்செல்வி. ஒன்றும் எழுதவில்லை தாயே, கேள்வி எண்ணைத்தான் போட்டேன் என்று தாளைத் திருப்பிக் காட்டுகிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். இன்றைக்கு எனக்கு இதுதான் வேலை. பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வு. மற்ற பிள்ளைகளெல்லாம் மாடியில் வரிசையாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். இவளுக்குத் தரைத்தளத்தில் தனி அறை, ஒரு மேஜை, எதிரும் புதிருமாக நாங்கள் இரண்டு பேர், வாசலோரம் நாற்காலி போட்டு அறைக் கண்காணிப்பாளர் ஞானதுரை சார். இவளுக்கு எழுத்து பிடிபடாது. டிஸ்லெக்ஸியா. கூடவே மனசு ஓரிடத்தில் நிற்காது, அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர். இரண்டும் சேர்ந்தே வந்த பிள்ளை. அதனால் கேள்வியை நான் வாசித்துக் காட்ட வேண்டும், இவள் விடை சொல்ல வேண்டும், சொன்னதை நான் எழுத வேண்டும். என் பெயருக்கு நேரே 'மாரீஸ்வரி, சொல்வதை எழுதுபவர்' என்று போட்டிருக்கிறார்கள். அறிவியல் ஆசிரியரை உட்காரவைத்தால் விடையை அவரே எழுதிவிடுவாராம், அதனால் தமிழ் டீச்சர். எனக்கு அறிவியல் தெரியாதென்று எந்த மகராசன் முடிவு செய்தானோ. வருஷா வருஷம் மாலை வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்க ஒப்பிக்கப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருப்பது யார்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிட்யூட்டரி சுரப்பியை நான் சொல்வேன். என்ன வெயில் இது, கோவில்பட்டி வெயில், காலையிலேயே முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரக் காணோம்.

காலை ஆட்டுகிறாள். மேஜை ஆடுகிறது, மேஜையோடு தாளும் ஆடுகிறது. ஆட்டாதே என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டேன், ஏனென்றால் காலை நிறுத்தினால் வாயும் நின்றுவிடும், இது எனக்கு வீட்டில் தெரியும், வீட்டில் ஒன்று இருக்கிறது, தருண், பத்து வயது, சோறு தின்னும்போதுகூட ஒரு காலை மடக்கி மறு காலை ஆட்டாமல் உள்ளே இறங்காது. இன்று காலையில் ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடிப் போனவன் வழியில் எறும்பு வரிசையைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான், வேன்காரர் ஆரன் அடிக்கிறார், நான் தேர்வுக்கு ஓட வேண்டும், அவன் அப்பா "நானும் சின்ன வயசுல இப்பிடித்தான் இருந்தேன், சரியாயிரும்" என்று பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். இப்படித்தான் இருந்தாராம். இருந்தவர் பேப்பர் படிக்கிறாரே, இவனுக்கு அது வருமா? அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டால் சண்டை வரும், சண்டைக்குத் தெம்பு இல்லை. தெம்பு இல்லாமல் எத்தனை நாளாக இருக்கிறேன் என்று யோசித்தால் அதற்கும் தெம்பு இல்லை. முதலில் ஏ.டி.எச்.டி. ஒன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். உட்கார மாட்டேன் என்கிறான், அதனால் படிப்பு ஏறவில்லை என்றார்கள். மதுரையில் அந்த டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். உட்கார்ந்தான். எவ்வளவு அழகாக உட்கார்ந்தான் தெரியுமா, நானும் அவன் அப்பாவும் கதவோரம் நின்று சாமி பார்ப்பதைப் போலப் பார்த்தோம். உட்கார்ந்து புத்தகத்தில் ஒரே வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் திரும்பி, "அம்மா, இப்பவும் வரல" என்றான். முன்பெல்லாம் எழுந்து ஓடிவிடுவான், வரவில்லை என்பது அவனுக்கே தெரியாது. உட்காரவைத்து அதைத் தெரியவைத்தோம். மறுபடி மதுரை, மறுபடி சோதனை, இரண்டும் இருக்கிறது என்றார்கள், ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்ததாம். அன்றைக்குத் திரும்பி வரும்போது பேருந்தில் என் மடியில் தலைவைத்துத் தூங்கினான், அவன் மண்டைக்குள் என்னதான் ஓடுகிறது என்று நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன், பைத்தியக்காரி.

"டீச்சர், மயிலு." ஜன்னலுக்கு வெளியே மைதானத்து வேலியோரம் மயில் நிற்கிறது. ஆமாம், மயில்தான், நீ கேள்வியைக் கவனி என்று மறுபடி வாசிக்கிறேன். ஒரு மதிப்பெண் கேள்விகளை எல்லாம் நான் வாசித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள், பாதியில் பாய்ந்து பிடித்தாள், இரண்டு இடத்தில் பாய்ந்ததால் தப்பாகவும் போயிற்று, முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லேன் என்று எனக்கு வாய் வரை வந்தது, சொல்லக்கூடாது, சொல்வதை எழுதுபவருக்கு வாய் கிடையாது. இப்போது பெரிய கேள்விகள். பெரிய கேள்வியில்தான் இந்தப் பிள்ளைகள் காணாமல் போகும். இவள் பாஸாக வேண்டும். என்னமோ தெரியவில்லை, நேற்றிலிருந்து எனக்குள் ஒரு வேண்டுதல் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது, இவள் பாஸாகிவிட்டால் தருணும் பாஸாகிவிடுவான், ஐந்தாறு வருஷம் கழித்து அவனும் இந்த மாதிரி ஓர் அறையில் யாரோ ஒரு டீச்சருக்கு எதிரே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அந்த டீச்சர் நல்லவளாக இருக்க வேண்டுமானால் இன்றைக்கு நான் நல்லவளாக இருக்க வேண்டும். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என் வகுப்புப் பிள்ளை யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவில் கேட்டிருப்பேன். பயந்தவளுக்கு சம்பந்தம் எதற்கு. காலையில் முதன்மைக் கண்காணிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைய நல்லபடியாப் பாத்துக்கங்க டீச்சர்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் வெளிப்படையாகச் சொல்வது கிடையாது. பாவம், பிள்ளைக்கு வராது, கூட உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் பார்த்துப் போட்டுவிட வேண்டியது, யாருக்கும் நஷ்டமில்லை, புண்ணியம்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற காரியம் அது. ஞானதுரை சார்கூட உள்ளே வந்ததும் தன் நாற்காலியை வராந்தாவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "காத்து இந்தப் பக்கம் நல்லா வருது டீச்சர்" என்றார். அந்தப் பக்கமும் காற்று வரவில்லை.

இரட்டை இரத்த ஓட்டம், விளக்குக. வாசித்ததும் இவள் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாடா, தெரியும் போல. "செவரு இருக்குல்ல டீச்சர், செவரு, நடுவுல, அது இல்லன்னா கலந்துரும்" என்று ஆரம்பிக்கிறாள். எந்தச் சுவர், எது கலக்கும்? கேட்கக்கூடாது. "எங்கப்பா மினிபஸ் ஓட்டுறாரு. இல்ல, அத மொதல்ல சொல்லக்கூடாது. டீசல் தீந்துருது. ஊர் ஊராப் போயி ஆள எறக்கி எறக்கித் தீந்துருது. டீச்சர், அந்த மயிலு போயிருச்சு. ஸ்டாண்டுக்குள்ள வருதுல்ல, வந்தா ஒடனே ஊருக்குப் போக முடியாது, நடுவழியில நின்னுரும்…" இவள் சொல்லிக்கொண்டே போகிறாள், சுவரில் தொடங்கி டீசலுக்குப் போய், அப்பாவோடு ஒருநாள் பெட்ரோல் பங்கில் நின்றதற்குப் போய், கண்டக்டர் அண்ணன் விசிலை விழுங்கப் பார்த்த கதைக்குப் போய், திரும்பிச் சுவருக்கே வருகிறாள். என் கை தன் பாட்டுக்கு எழுத ஆரம்பிக்கிறது. நிஜமாகவே தன் பாட்டுக்கு. இத்தனை வருஷம் திருத்தின கை, பிள்ளைகள் கன்னாபின்னாவென்று எழுதியதைக் கண்டால் நேராக்காமல் இருக்காது, துவைத்த துணியைக் கண்டால் மடிக்கிற மாதிரி. மனித உடலில் இரத்தம் ஒரு முழுச் சுற்றில் இருமுறை இதயத்தின் வழியே செல்வது இரட்டை இரத்த ஓட்டம் எனப்படும். ஆக்சிஜன் குறைந்த இரத்தம் இதயத்தின் வலப்புறத்தை அடைந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குச் செல்கிறது. கடகடவென்று வருகிறது. மாலை வகுப்பில் நூறு பிள்ளைகளின் தொண்டையில் கேட்டது என் விரலில் இறங்குகிறது. இவள் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள், நான் முழு மதிப்பெண்ணை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தருண், உனக்காகத்தான் கண்ணு, உனக்கு யாரோ இப்படி எழுதுவார்கள். முதுகில் வேர்வை இறங்குகிறது, நல்ல காரியம் செய்கிறபோது ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று ஓர் ஓரத்தில் தோன்றி மறைகிறது.

"வாசிச்சுக் காட்டுங்க டீச்சர்." வாசிக்கிறேன். வேறென்ன செய்ய, கேட்டால் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. இவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது, மயிலைப் பார்த்துக்கொண்டு சொன்னவள்தானே என்று நினைத்து வாசிக்கிறேன். ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. "நான் இப்பிடிச் சொல்லலியே." என்ன சொல்லவில்லை? "நுரையீரல் தமனின்னு சொல்லவே இல்ல. அப்பிடின்னா என்னன்னே எனக்குத் தெரியாது. செவரச் சொன்னேன், செவரக் காணோம். பங்கச் சொன்னேன். ரெண்டு வாசலச் சொன்னேன்." ஒன்று விடாமல் சொல்கிறாள். நான் கவனிக்காமல் விட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறாள். யாருக்குக் கவனம் நிற்காது என்று மதுரையில் பார்த்துச் சொல்லட்டும், எனக்குக் காது சுட்டுவிட்டது. இதுதான்மா சரியான விடை, இதற்குத்தான் மார்க் போடுவார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். "அடிச்சிருங்க டீச்சர்." எனக்கு வந்தது பாருங்கள் கோபம். எவ்வளவு திமிர் இந்தச் சுண்டைக்காய்க்கு. பாஸ் வேண்டாமா உனக்கு? "வேணும். பாஸானாத்தான் அப்பா பாலிடெக்னிக்குல ஆட்டோமொபைல் சேத்து விடுவாரு. இல்லன்னா தீப்பெட்டி ஆபீஸ்தான், சித்தி ஏற்கனவே பேசி வச்சிருக்கு." அப்புறம் என்ன, பேசாமல் அடுத்த கேள்விக்குப் போ. வாசலில் ஞானதுரை சார் நாற்காலியைத் திருப்பாமலேயே, "ஏம்மா, டீச்சர் ஒன் நல்லதுக்குத்தானம்மா செய்றாங்க" என்கிறார். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்திருக்கிறது.

மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. "ஒண்ணாப்புல இருந்து எல்லாரும் எனக்குப் பாஸ் போட்டுட்டாங்க டீச்சர். எழுதத் தெரியலன்னா பக்கத்துப் பிள்ள எழுதுனத வாங்கி ஏம் பேரப் போட்டுருவாங்க. பாவம்னு சொல்லுவாங்க. எனக்கு நெசமாவே எதுனாச்சும் தெரியுமா, ஒண்ணுமே தெரியாதான்னு எனக்கே தெரியல. கேட்டு எழுத ஆள் தாரோம்னு சொன்னப்ப, இந்தப் பரிச்சையில தெரிஞ்சிரும்னு இருந்தேன்." மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம். எனக்கு அசதியாக இருக்கிறது, அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கினால் தேவலை. "இப்பவும் வரல" என்று தருண் திரும்பிப் பார்த்தானே, அந்த முகம் வருகிறது. அன்றைக்கு நான் என்ன செய்தேன்? வரும், வரும், என் ராசா, உனக்கு வராமலா என்று கட்டிக்கொண்டேன். அவன் அதையா கேட்டான்? நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். நான் பயந்து போய்க் கட்டிக்கொண்டேன், பயம் எனக்கு, கட்டிக்கொண்டது அவனை. இவள் என்னை ஒன்றும் குற்றம் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம், சும்மா சுத்தமான முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், தன் பொருளை எடுத்தவர்கள் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று நம்புகிற முகம். அடிக்கிறேன். குறுக்கே ஒரு கோடு, முழுப் பத்திக்கும். எழுதியது நல்ல தமிழ், பிழையே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு மதிப்பெண், போகிற போக்கில் அள்ளியிருக்கலாம். சொல்லு, என்கிறேன். மெதுவாகச் சொல்லு, நீ சொல்கிறதை மட்டும் எழுதுகிறேன்.

"ரத்தம் பஸ்ஸு மாதிரி. அப்பிடியே போடுங்க. ஆக்சிஜன் டீசல் மாதிரி. ஊருகதான் ஒடம்பு. ஊரெல்லாம் சுத்தி டீசலத் தீத்துட்டு வண்டி ஸ்டாண்டுக்குள்ள வருது, ஸ்டாண்டுதான் இதயம். வலதுபக்க வாசல். அங்க இருந்து ஊருக்குப் போகாது, போனா நின்னுரும். பங்குக்குப் போகும், அது நுரையீரல். டேங்கு ரொப்பிட்டு மறுபடியும் ஸ்டாண்டுக்கு வரும், இந்த மட்டம் இடதுபக்க வாசல். அப்புறந்தான் ஊருகளுக்குக் கெளம்பும். ஒரு சுத்துக்கு ஸ்டாண்டுக்குள்ள ரெண்டு மட்டம் வந்துருதுல்ல, அதான் இரட்டை. நடுவுல செவரு. செவரு இல்லன்னா டீசல் போட்ட வண்டியும் போடாத வண்டியும் கலந்துரும்." எழுதுகிறேன். எழுதிக்கொண்டே வருகையில் ஓரிடத்தில் பேனா தயங்கி நிற்கிறது. மாலை வகுப்பில் இத்தனை வருஷம் கேட்டேனே, வலப்புறம் இடப்புறம் ஏட்ரியம் வெண்ட்ரிக்கிள் என்று, அந்தச் சுவர் எதற்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. விளங்கி என்ன பிரயோசனம், திருத்தப் போகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், அதில் பேருந்து இருக்காது. அவரும் என்னை மாதிரி அசதியோடு, கட்டுக் கட்டாகத் தாள்களுக்கு நடுவே, மதியச் சோற்று மயக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மினிபஸ் என்பதைக் கண்டதும் சிரித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் காட்டுவார். பூஜ்யம் போடுவாரோ, பாதி போடுவாரோ. ஐயா, யாராக இருந்தாலும் சரி, முழுசாகப் படியுங்கள், சுவர் வரைக்குமாவது படியுங்கள். வாசித்துக் காட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள், கால் ஆடுகிறது. "ஆங், இதான் நான் சொன்னது" என்கிறாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்கிப் போகிற சத்தம் கேட்டு ஓய்ந்துவிட்டது. எங்களுக்குக் கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர்தான் சலுகை, இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது, ஏற்கனவே தீர்ந்துபோன மனசை இன்னும் கொஞ்சம் நேரம் அதே நாற்காலியில் பிடித்து வைக்க வேண்டும். வேறு கேள்விகள் சில வந்தன, சிலவற்றைச் சொன்னாள், ஒன்றைப் பாதியில் விட்டாள், அவள் சொன்ன சொல்லுக்கு மேல் நான் ஒரு சொல் எழுதவில்லை. கை வலிக்கிறது. மனசுக்குள் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன், ஒரு தடவை பாஸ் என்று வருகிறது, இன்னொரு தடவை இல்லை என்று வருகிறது. கடைசிக் கேள்வி. பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் ஹார்மோன்களைப் பற்றி எழுதுக. "அது வராது டீச்சர். பேரு பேரா வரும், ஒண்ணும் நிக்காது" என்கிறாள். யோசித்துப் பார், நேரம் இருக்கிறது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேஜைமேல் கன்னத்தை வைத்து ஜன்னலைப் பார்க்கிறாள். மயிலும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் வெயில். கண் திறந்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை. போய்விட்டாள். தருண் இப்படிப் போவான், கூப்பிட்டால் கேட்காது, தொட்டால் திடுக்கிட்டுத் திரும்புவான். ஞானதுரை சார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார், போகும்போது என்னைப் பார்க்கிறார், வராந்தாவில் வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துக்கொண்டு மெதுவாக நடக்கிறார். நல்ல மனுஷன். ஒரு முழுப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. பேனா கையில் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், இதோ வரிசையாக வந்து நிற்கின்றன, ஒன்றுகூட மறக்கவில்லை. இதை எழுதினால் அநேகமாகத் தேறிவிடுவாள். இவள் வாசித்துக் காட்டச் சொல்ல மாட்டாள், அசந்துபோயிருக்கிறாள். இவளுக்குத் தெரியவே தெரியாது. ஆட்டோமொபைல் படிப்பாள், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையெல்லாம் கிரீஸாகச் சிரிப்பாள். எழுதாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குவாள், காலை ஆட்டிக்கொண்டு, வசவு வாங்கிக்கொண்டு, நாள் பூராவும். அடுத்த துணைத்தேர்வுக்கு எழுதலாமே என்பார்கள், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளை எங்கே திரும்பி வரும். நான் யார் இவளைத் தோற்கடிக்க? நான் யார் இவளை ஜெயிக்க வைக்க? எனக்கு வேண்டியது இவள் ஜெயிப்பதா, நான் நிம்மதியாகத் தூங்குவதா? பேனா முனையைத் தாளில் வைத்துவிட்டேன். ஒரு புள்ளி விழுந்துவிட்டது. கடவுளே, யாராவது வந்து இந்தப் பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள்.

"பொன்செல்வி." தோளைத் தொடுகிறேன். திடுக்கிட்டு நிமிர்கிறாள். கன்னத்தில் மேஜையின் கோடு பதிந்திருக்கிறது. கடைசிக் கேள்விக்கு என்ன எழுதட்டும் என்று கேட்கிறேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது. வெள்ளைத் தாளைப் பார்க்கிறாள், என் பேனாவைப் பார்க்கிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள். எதைப் பார்த்தாளோ தெரியாது. "தெரியல டீச்சர். விட்டுருங்க." எழுதாத பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே கோடு. எத்தனையோ பிள்ளைகளின் தாளில் விளையாட்டாகப் போட்ட கோடு, இன்றைக்கு இழுக்க இழுக்க முடிவேனா என்கிறது. ஞானதுரை சார் வந்து தாளை வாங்கிப் புரட்டுகிறார், அடித்த பத்தியில் ஒருமுறை, வெள்ளைப் பக்கத்தில் ஒருமுறை நின்று என்னைப் பார்க்கிறார். என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீச்சர், பாஸாயிருவேனா?" என்கிறாள் பொன்செல்வி. ஆயிருவ, கண்டிப்பா ஆயிருவ என்று இத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், நாக்கு அதற்குப் பழகிப்போனது, வாயைத் திறந்தால் தானாக வரும். தெரியலம்மா, என்கிறேன். "எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு, இந்த நாள் முழுக்க முதல் தடவையாகப் பல் தெரியச் சிரிக்கிறாள்.

வாசல் கேட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். தலைக்கு முந்தானையைப் போட்டிருக்கிறாள், காலையிலிருந்து அங்கேயேதான் நின்றிருக்க வேண்டும், முகம் கறுத்துப்போயிருக்கிறது. பொன்செல்வியின் அம்மா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்த முகத்தை நான் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். மகளிடம் எதுவும் கேட்கவில்லை, மகள் சொல்வதை நம்பிப் பழக்கமில்லாதவள், நேராக என்னிடம் வருகிறாள். "டீச்சர், நல்லா எழுதுனாளா?" என்று கேட்டவள், அப்புறம் தான் கேட்டதில் உள்ள தப்பு அவளுக்கே உறைத்து, "இல்ல, நீங்கதான எழுதியிருப்பீங்க. நல்லா எழுதியிருக்கீங்களா டீச்சர்? பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள். பக்கத்தில் பொன்செல்வி தரையைப் பார்த்தபடி நிற்கிறாள், சிரிப்பு போய்விட்டது. கும்பிட்ட அந்தக் கைகளைப் பிடித்து இறக்கி விடுகிறேன்.

"நான் எழுதலம்மா. அவளேதான் எழுதுனா."